ஓலைக்கும் வாசகனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவர்

ஓலைச்சுவடியில் எரி, ஏரி இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கொடு, கோடு இரண்டும் அப்படியே. குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதி சொல்லியிருக்கிறது, ஆனால் கூரான எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலையில் ஓட்டை விழும் என்பதால் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியையே விட்டுவிட்டார்கள். மெய்யெழுத்துக்கும் அதே கதிதான். போதாக்குறைக்கு ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம், ஆகவே காடும் கரடும் கண்ணுக்கு ஒன்று. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது, பாட்டு எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதற்குப் பல சுவடிகளில் அடையாளமே கிடையாது.

அப்புறம் எப்படித்தான் படித்தார்கள்? நாம் நினைக்கிற மாதிரி படிக்கவில்லை. ஒருவரிடம் பாடம் கேட்டு, மனப்பாடம் செய்து, அதற்கு மேல் சந்தேகம் வந்தால் பிரித்துப் பார்த்துக்கொள்ளத்தான் சுவடி.

தகவல் தொடர்பு மனித சமூகத்தை மாற்றிய கதையை யார் சொன்னாலும் வேகத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள். புறா, குதிரை, தபால், தந்தி, போன், வாட்ஸ்அப் என்று ஒரே ஓட்டம். எனக்கு அதைவிட சுவாரசியமான கேள்வி, எழுத்துக்கும் அதைப் படிக்க நினைக்கிறவருக்கும் நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது. ஓலைக் காலத்தில் உட்கார்ந்திருந்தவர் வாத்தியார். அவருடைய திண்ணையில் உனக்கு இடம் உண்டா இல்லையா என்பது நீ எந்தத் தெருவில் பிறந்தாய் என்பதைப் பொறுத்த விஷயம், பெண்ணாய்ப் பிறந்திருந்தால் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஓலை என்னவோ பனைமரத்தில் இலவசமாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மனப்பாடம்தான் ஆதாரம் என்றால் எல்லாமே பாட்டாக இருந்தாக வேண்டும். சித்த மருத்துவம் பாட்டு, கணக்கு பாட்டு, சோதிடம் பாட்டு. சொல்லுக்குப் பொருள் சொல்லும் நிகண்டுகூட பாட்டுதான், சூடாமணி நிகண்டைத் தலைகீழாக ஒப்பிக்கும் பையனுக்கு எதையும் புரட்டித் தேட வேண்டிய வேலையே இல்லை. வீரமாமுனிவர் 1732-ல் சதுரகராதியை அகரவரிசையில் அமைத்தார். மனதில் தேடாமல் கண்ணால் தேடுகிறவனுக்கு ஏற்ற வரிசை அது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் இன்று நாம் எழுதும் வேறுபாட்டைக் கொண்டுவந்தவரும் அவர்தான் என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். வெளியூரிலிருந்து வந்து மொழி கற்றவருக்குத்தான் எரியா ஏரியா என்ற தொல்லை முழுசாகத் தெரிந்திருக்கும்.

உ.வே.சாமிநாதையர் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் 1880-ல் "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டது, அதிலிருந்து தொடங்கிய சுவடி வேட்டை, ஊர் ஊராக அலைந்தது, ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட ஏடுகளைப் பற்றிக் கேட்டு நொந்தது. நம் ஆட்கள் இந்த அலைச்சலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதே கதையில் வேறொரு இடம்தான் எனக்குப் பிடிக்கும். சுவடி கையில் இருக்கிறது, எழுத்தைக் கூட்டிப் படிக்கவும் வருகிறது, அவரோ மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்கில் பாடம் கேட்டவர், அப்படியும் பல இடங்களில் பொருள் பிடிபடவில்லை, ஏனென்றால் அது சமண நூல். கடைசியில் கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழும் தெருவுக்குப் போகிறார். அங்கே ஒரு வீட்டில் தோரணம் எல்லாம் கட்டி விசேஷமாக இருக்கிறது. என்னவென்று விசாரித்தால், மாதக்கணக்கில் அந்த வீட்டில் சிந்தாமணி படனம், அதாவது சேர்ந்து உட்கார்ந்து படிப்பது, நடந்து அன்றுதான் பூர்த்தியாகியிருக்கிறது! தமிழ்ப் புலவர்கள் கைவிட்ட ஒரு காவியம், அவர் வேலை பார்த்த அதே ஊரில், பக்கத்துத் தெருவில், குடும்பங்களுக்குள் வாய்மொழியாக உயிரோடு இருந்திருக்கிறது. ஏடு ஓரிடத்தில், அர்த்தம் இன்னோரிடத்தில்.

அப்படி யாரும் சேர்ந்து படிக்காத, யாரும் பிரதி எடுக்காத நூல்களுக்கு என்ன ஆனது என்பதற்கு வளையாபதியும் குண்டலகேசியும் சாட்சி. நம் வெயிலுக்கும் செல்லுப் பூச்சிக்கும் கரையானுக்கும் ஓர் ஓலை இருநூறு முந்நூறு வருடம் தாங்கினால் அதிகம், அதற்குள் யாராவது உட்கார்ந்து மறுபடி எழுதியாக வேண்டும். அந்த இரண்டு காப்பியங்களையும் அப்படி எழுத ஆள் இல்லாமல் போனது, உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியதும் தொகுப்புகளில் சேர்ந்ததுமான சில பாட்டுகள்தான் மிஞ்சின. உரையாசிரியருக்கு அன்றைக்கு எந்த உதாரணம் வாயில் வந்ததோ அதுதான் நமக்குக் கிடைத்த காப்பியம்.

சரி, அச்சு. இந்திய மொழிகளிலேயே முதலில் இந்திய மண்ணில் அச்சேறியது தமிழ்தான், 1578-ல் கொல்லத்தில், தம்பிரான் வணக்கம் என்ற 16 பக்கப் புத்தகம். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் அதற்கப்புறம் 250 வருடங்களுக்கு மேல் பெரும்பாலானவர்கள் ஓலையில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சகம் வைத்த பிறகும் அதேதான். கருவி வந்தால் சமூகம் மறுநாளே மாறிவிடும் என்பதெல்லாம் சும்மா. அச்சகங்கள் மேல் இருந்த உரிமக் கட்டுப்பாட்டை 1835-ல் கவர்னர் ஜெனரலாக இருந்த மெட்காஃப் நீக்கிய பிறகுதான் நம்மவர் கைகளில் அச்சகங்கள் பெருகின. ஆறுமுக நாவலர் 1849-ல் சென்னையில் அச்சு இயந்திரம் வாங்கி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைக்குக் கொண்டுபோய், நிறுத்தக்குறி போட்டு, பையன்களுக்குப் பாலபாடம் அச்சடித்தார், வசனத்தில்.

அச்சில் மாறிய முக்கியமான விஷயம் காசு. ஓர் ஏட்டுக்கு ஒரு மாணவன் போதும், புத்தகத்துக்குக் குறைந்தது சில நூறு பேராவது வாங்க வேண்டும். உ.வே.சா. சிந்தாமணிக்கு வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட கையொப்பக்காரர்களைச் சேர்த்துத்தான் 1887-ல் வெளியிட முடிந்தது. வாங்குகிறவர் யார், எந்த ஊர், என்ன படித்தவர் என்று எதுவும் தெரியாத நிலையில் அவருக்காக என்ன செய்வது? முகவுரை, நூலாசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், அரும்பத அகராதி, அடிக்குறிப்பு. திண்ணையில் வாத்தியார் வாயால் சொன்னதெல்லாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போய் உட்கார்ந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒருவன் தனியாக உட்கார்ந்து படிக்கலாம் என்பது அங்கேதான் நிஜமாக ஆரம்பிக்கிறது.

ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த ஊரில் தனியாகப் படிப்பது கொஞ்சம் பேருக்குத்தான் வாய்த்தது. ஜனங்களிடம் போன அச்சு குஜிலிப் புத்தகங்கள். காலணா, அரையணா விலை, மட்டமான தாள், கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் பாட்டு. எங்கேயாவது கொலை நடந்தால் கொஞ்ச நாளில் அது பாட்டாகி, சந்தையிலும் ரயிலிலும் ஒருவர் பாடிக்கொண்டே விற்பார். பாட்டை விட்டு வசனத்துக்கு வந்துவிட்டோம் என்று ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் அச்சு தானே பாட்டுக்குத் திரும்பிவிட்டது. கதைப் பாடல்களைப் பெரிய பெரிய எழுத்தில் அச்சடித்த 'பெரிய எழுத்து'ப் புத்தகங்களும் அப்படித்தான், விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க தெருவே கேட்கும். என் பாட்டிக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது, நல்லதங்காள் கதையில் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளுகிற இடத்தை மட்டும் அப்படியே வரிக்கு வரி சொல்வார், எதிர்வீட்டு மாமா படித்துக் கேட்டது என்பார். பின்னாளில் அந்த மாமா இருந்த இடத்துக்கு டீக்கடை வந்தது. 1942-ல் தொடங்கிய தினத்தந்தியைக் காசு கொடுத்து வாங்கியவர்களோடு அங்கே ஓசியில் படித்தவர்களையும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இப்போது நடுவில் யாருமே இல்லை, எல்லாம் விரல் நுனியில் என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான குறிமுறையாக யூனிகோடு வருவதற்கு முந்தைய காலத்தில் தமிழில் தட்டச்சு செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். டிஸ்கி, டேம், டேப், பாமினி என்று ஆளுக்கொரு குறிமுறை, ஆளுக்கொரு எழுத்துரு. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி பழைய குறிமுறைகளில் ஏற்றிய நூல்களைப் பின்னாளில் யூனிகோடுக்கு மாற்றினார்கள், அதனால் அவை பிழைத்தன. யாரும் மாற்றாதவை கிடக்கின்றன. நாங்கள் கல்லூரியில் நடத்திய கையடக்கப் பத்திரிகையின் கோப்புகளைப் போன மாதம் திறந்தேன். கேள்விக்குறியும் கட்டமும் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும்தான், இருபத்தைந்து வருடம்கூட ஆகவில்லை.

பழைய டிடிபி சென்டர் நடத்திய அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை ஒரு நிமிடம் பார்த்தார். "இது டேப் கிடையாது தம்பி, அதுக்கு முந்தினது. இந்தக் குறி எங்க வந்தாலும் ணகரம், பாருங்க," என்று அந்தக் குப்பையை எழுத்துக்கூட்டி வாசித்தே காட்டிவிட்டார். என் நண்பனின் கவிதை. சுமாரான கவிதைதான். மிச்ச இதழ்கள் ஃபிளாப்பியில் இருக்கின்றன என்றேன். அதைப் படிக்கிற டிரைவ் அவரிடம் இல்லையாம், புதுக்கோட்டையில் ஒருவர் வைத்திருக்கிறாராம், ஆனால் முன்கூட்டியே போன் பண்ணிவிட்டுத்தான் போக வேண்டுமாம், கொஞ்சம் கோபக்காரர்.