ராத்திரியே அடுக்கி வைத்துவிடும் காலை உணவு

காலையில் எழுந்ததும் என்னிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. "உனக்கு முட்டை எப்படி வேண்டும், பிரெட்டை வாட்டட்டுமா" என்று நான் மற்றவர்களைக் கேட்பதும் எனக்கு ஆகாது. அதனால் வீட்டில் ஆட்கள் வந்து தங்கினால், முந்தின இரவே பிரெட்டையும் சீஸையும் ஒரு பாத்திரத்தில் அடுக்கி, முட்டையும் பாலும் கலந்து ஊற்றி, ஃப்ரிட்ஜில் தள்ளிவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் ஓவனைப் போட்டால் போதும். அது வேகும் நேரத்தில் நானும் மனுஷியாகிவிடுவேன்.

சமையல் புத்தகங்களில் இது ஸ்ட்ராட்டா என்ற பெயரில் இருக்கும். இனிப்பாகவும் செய்யலாம், உப்பாகவும் செய்யலாம். எனக்குப் பிடித்தது இரண்டும் சேர்ந்து வருவது. ஆனால் அதைப் பலர் செய்கிற விதத்தில்தான் எனக்குச் சண்டை. பாலிலேயே சர்க்கரையைக் கரைத்து, அதன் மேல் சீஸையும் தூவிவிடுகிறார்கள். சாப்பிட்டால் முதல் வாயும் கடைசி வாயும் ஒன்றுபோல இருக்கும். இனிப்பென்றும் சொல்ல முடியாது, உப்பென்றும் சொல்ல முடியாது. என் கட்சி வேறு. முட்டைக் கலவையில் ஒரு சிட்டிகை சர்க்கரைகூடக் கூடாது. உப்பும் மிளகும் கடுகு விழுதும்தான். இனிப்பு வெங்காயத்திலும் பழத்திலும் மட்டும் இருக்க வேண்டும், அதுவும் அங்கங்கே. காரசாரமாக ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிர்பாராமல் ஓர் ஆப்பிள் துண்டு மாட்ட வேண்டும்.

இந்தச் சமையலில் உண்மையான வேலை வெங்காயம்தான். பெரிய வெங்காயம் மூன்றை மெல்லிய நீளத் துண்டுகளாக நறுக்கி, வெண்ணெயும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு, ஒரு சிட்டிகை உப்புடன் குறைந்த தீயில் வதக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பொன்னிறமாகும் என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். பத்து நிமிடத்தில் அது கண்ணாடிபோல ஆகும், அவ்வளவுதான். நன்றாகப் பழுப்பேறி, ஜாம்போலத் திரண்டு, தித்திப்பு வெளியே வர முக்கால் மணி நேரம் பிடிக்கும். தீயைக் கூட்டினால் ஓரம் கருகிக் கசக்கும், நடுவில் பச்சை வாடை நிற்கும். அடியில் பிடிக்க ஆரம்பித்தால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள்; அந்தப் பழுப்பில்தான் ருசி. பக்கத்திலேயே நின்று கிளறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நான் அந்த நேரத்தில் பாத்திரங்களைக் கழுவிவிடுவேன், போனில் யாரிடமாவது பேசி முடித்துவிடுவேன். இப்படி வதங்கின வெங்காயத்தில் இனிப்பும் உப்பும் சேர்ந்து இருப்பதால், ஆப்பிளையும் சீஸையும் ஒன்றோடொன்று ஒட்ட வைப்பது அதுதான். அது சரியாக வந்துவிட்டால் மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கவலையில்லை.

வெங்காயத்தை எடுத்துவிட்டு அதே வாணலியில் இரண்டு ஆப்பிளைத் துண்டு போட்டு ஐந்து நிமிடம் புரட்டுவேன். புளிப்பும் உறுதியும் உள்ள ஆப்பிளாக இருந்தால் நல்லது. பச்சையாகவே போட்டால் வேகும்போது தண்ணீர் விட்டுச் சுற்றியுள்ள பிரெட்டைச் சொதசொதவென்று ஆக்கிவிடும். கெட்டியான பேரிக்காயும் ஒத்துவரும். பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி மட்டும் வேண்டாம். அவற்றில் புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. இரவு முழுக்கப் பாலில் ஊறினால் காலையில் கலவை கசந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது என்பதால் அந்தத் தொந்தரவு இல்லை. இருந்தாலும் எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம்.

பிரெட் பழசாக இருக்க வேண்டும். ஓரம் தடித்த, கெட்டியான வகையே நல்லது. பிரெட் பழசாவது ஈரம் காய்வதால் மட்டும் அல்ல. அதில் உள்ள மாவுச்சத்து நாளாக ஆக மறுபடி இறுகிக்கொள்கிறது. அப்படி இறுகின பிரெட் கலவையை உறிஞ்சினாலும் உருக்குலையாமல் நிற்கும். புதுசுதான் இருக்கிறது என்றால் துண்டு போட்டு 150 டிகிரி ஓவனில் பதினைந்து நிமிடம் காய வையுங்கள். சாண்ட்விச்சுக்கான மெத்தென்ற பிரெட்டில் செய்தால் கூழ்தான் கிடைக்கும்.

அளவு சொல்லிவிடுகிறேன். 23க்கு 33 சென்டிமீட்டர் பாத்திரத்துக்கு பிரெட் 450 கிராம், முட்டை 8, பால் 700 மில்லி, நன்றாக உருகும் சீஸ் 200 கிராம். எட்டுப் பேர் சாப்பிடலாம். உப்பு ஒரு தேக்கரண்டி, கடுகு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகு தாராளமாக. சீஸுக்குச் சீஸ் உப்பு வித்தியாசப்படும் என்பதால் அதை முதலில் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு உப்பைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யுங்கள். பாலில் உப்பையும் கடுகு விழுதையும் கலந்து ருசி பார்த்த பிறகுதான் நான் முட்டையை உடைப்பேன். பச்சை முட்டையை நக்கிப் பார்க்கும் அவசியம் வராது. பால் மட்டும் கொஞ்சம் உப்புக்கரிப்பது மாதிரி இருந்தால் சரி, முட்டையும் பிரெட்டும் சேர்ந்ததும் அடங்கிவிடும்.

வெண்ணெய் தடவின பாத்திரத்தில் பாதி பிரெட், பாதி வெங்காயம், பாதி ஆப்பிள், பாதி சீஸ். மறுபடி அதே வரிசை. சாசேஜ் சேர்ப்பதாக இருந்தால் முழுக்க வேகவைத்து, ஆறின பிறகுதான் உள்ளே போக வேண்டும். காளானையும் தண்ணீர் வற்றும்வரை வதக்கிவிடுங்கள். கலவையை மெதுவாக ஊற்றி, உள்ளங்கையால் லேசாக அமுக்கிவிட வேண்டும். மேல்வரிசையில் சில துண்டுகள் தலையை நீட்டிக்கொண்டு இருக்கட்டும், மொறுமொறுப்பு அங்கேதான் கிடைக்கும். என் தம்பி பழத்தைச் சாப்பாட்டோடு சேர்க்கவே மாட்டான். அவனுக்காக ஒரு மூலையில் ஆப்பிள் போடாமல் விட்டு, அடையாளத்துக்கு ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகி வைப்பேன். பரிமாறும்போது அந்த மூலைக்கு வேறு இரண்டு பேர் போட்டிக்கு வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் நல்ல கணக்கு. 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். கண்ணாடிப் பாத்திரம் என்றால் ஜில்லென்று எடுத்துச் சூடான ஓவனில் வைக்காதீர்கள், விரிசல் விடும். அதற்காகவே நான் உலோகத் தட்டு வைத்திருக்கிறேன். 180 டிகிரியில் முதல் அரை மணி நேரம் ஃபாயில் மூடியிருக்க வேண்டும். அடிப்பக்கம் வெண்ணெய் தடவிய ஃபாயிலாக இருந்தால் சீஸ் ஒட்டிக்கொண்டு வராது. அப்புறம் மூடியை எடுத்துவிட்டு இன்னொரு இருபது, இருபத்தைந்து நிமிடம். நடுவில் கத்தி விட்டால் திரவமாக எதுவும் ஒட்டக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும். ஓவனில் நன்றாக உப்பி நிற்கும், வெளியே எடுத்ததும் அமுங்கும். உள்ளே இருந்த நீராவி அடங்குகிறது, பயப்பட ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் துண்டு துண்டாக வரும்.

தேன் ஊற்ற விரும்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஊற்ற வேண்டும். அடுப்புக்குப் போகும் முன்பே ஊற்றினால் மேலே கருகிவிடும். நான் இரண்டு கரண்டித் தேனில் கொஞ்சம் மிளகாய்த் தூளைக் குழைத்து, மொறுமொறுப்பான முனைகளில் மட்டும் நூல் நூலாக விடுவேன். குழந்தைகள் இருந்தால் மிளகாயை விட்டுவிடலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது, அந்தத் துண்டைத் தேன் படாமல் தனியாக எடுத்துவிடுங்கள்.

மீந்தது ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். மைக்ரோவேவில் சுட வைத்தால் முட்டை ரப்பர்போல இறுகும், பிரெட் தொங்கிப்போகும். விரல் கனத்துக்கு வெட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். வெட்டிய இடத்தில் தெரியும் வெங்காயமும் ஆப்பிளும் கல்லில் பட்டு இன்னொரு முறை முறுகும். இந்த மறுநாள் துண்டுக்காகவே எட்டுப் பேர் அளவை ஆறு பேருக்குச் செய்வது என் வழக்கம்.