கெஃப் கியூ150, எலாக் பி6.2: எங்கள் ஹாலில் இரண்டு மாதம்

இரண்டு மாதமாக எங்கள் ஹாலில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள் இருந்தன. ஒன்று போன வருடம் நான் பழையதாக வாங்கிய கெஃப் கியூ150. இன்னொன்று தம்பி வாங்கிய எலாக் டெபியூ 2.0 பி6.2. திருச்சியில் அவன் வீட்டு வேலை முடியும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனான். இரண்டுமே பாசிவ் ஸ்பீக்கர், அதாவது ஒலியைப் பெருக்கும் ஆம்ப் உள்ளே கிடையாது, வெளியே தனியாக ஒன்று வேண்டும். என்னிடம் இருப்பது யமஹா ஏ-எஸ்301, சேனலுக்கு 60 வாட். எங்கள் அறைக்கு அதுவே தாராளம்.

அறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இரண்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அதைப் பற்றித்தான். 12 அடி நீளம், 10 அடி அகலம், கூரையும் 10 அடி. காங்கிரீட் சுவர், பளபளக்கும் டைல்ஸ் தரை, ஒரு சோபா, ஜன்னலோரமாக அப்பாவின் ஈசி சேர். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதுதான் பெரிய தொல்லை. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பும்போது, எந்த ஒலியின் அலைநீளத்தில் பாதி அந்த இடைவெளிக்குச் சமமாக இருக்கிறதோ அது வீங்கிவிடும். 10 அடிக்கு அது ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 56 அதிர்வு. பக்கச் சுவர்களால் ஒரு 56, தரைக்கும் கூரைக்கும் நடுவே இன்னொரு 56, போதாததற்கு நீளவாக்கில் ஒரு 47. எந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தாலும் எங்கள் ஹாலில் பேஸ், அதாவது கனத்த அடித்தொனி, அங்கேதான் போய்க் குவியும். ஒரே ஸ்பீக்கரை ஒருவர் பேஸ் போதவில்லை என்றும் இன்னொருவர் பேஸ் கும்முகிறது என்றும் எழுதுவதற்குப் பெரிய காரணம் அவரவர் அறை என்றே நினைக்கிறேன்.

சரி, ஸ்பீக்கர்களுக்கு வருவோம். கெஃப்பில் இருப்பது 5.25 அங்குல யூனி-க்யூ டிரைவர். டிரைவர் என்றால் ஒலியை எழுப்பும் பாகம். அதன் கூம்பின் நடுக்குழியிலேயே மேல்தொனிக்கான ட்வீட்டர் உட்கார்ந்திருக்கும். 1988ல் அவர்கள் கொண்டுவந்த முறை இது, இன்றுவரை விடவில்லை. எலாக்கில் அடித்தொனிக்கு 6.5 அங்குல அரமிட் இழை நெசவு ஊஃபர், அதற்கு மேலே தனியாக ஒரு அங்குல துணி டோம் ட்வீட்டர், அதன்மேல் உலோக வலை. கெஃப் 51 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், எலாக் 44 வரை என்று கம்பெனிக் கணக்கு. சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, 86, 87 டெசிபல், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கெஃப்புக்குக் காற்று போகும் துளை முதுகில் இருக்கிறது, எலாக்குக்கு முன்பக்கம் அடியில் நீளமான வாய். கடைசியில் முடிவைத் தீர்மானித்ததில் இந்தத் துளைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு சுவாரசியம்: டெபியூ வரிசையை வடிவமைத்த ஆண்ட்ரூ ஜோன்ஸ் எண்பதுகளில் கெஃப்பில் வேலை பார்த்தவர். எலாக்கின் யூனி-ஃபை வரிசையில் அவரும் இரண்டு டிரைவரை ஒரே மையத்தில்தான் வைத்தார். டெபியூவில் ஒன்றின்மேல் ஒன்று.

கேட்பதற்கு முன்னால் இரண்டின் சத்தத்தையும் ஒன்றாக்கினேன். போனில் ஒரு டெசிபல் ஆப், சோபாவில் தலை இருக்கும் உயரத்தில் போன், பிங்க் நாய்ஸ் என்ற சீரான இரைச்சலை ஓடவிட்டு இரண்டையும் 75க்குக் கொண்டுவந்தேன். இதைச் செய்யாமல் ஒப்பிடவே கூடாது. கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் விலை கூடிய ஜோடியை ஒரு படி சத்தமாக வைத்துக் காட்டினார்கள், நானும் கிட்டத்தட்ட அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வால்யூமைக் கவனித்தது அப்பாதான்.

அப்பா இளவயதில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றவர். அதனால் எங்கள் வீட்டில் எந்த ஸ்பீக்கருக்கும் முதல் பரீட்சை ஒரு கச்சேரி சிடி: ஆண் குரல், வயலின், மிருதங்கம், கடம். முதலில் கெஃப்பை டிவி ஸ்டாண்டின் மேலேயே, சுவரை ஒட்டி வைத்திருந்தேன். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் அடி விழும்போதெல்லாம் ஒரே ஸ்வரத்தில் 'கும்' என்று ஒரு சத்தம், அடுத்த அடி வரும்வரை அது போகவே இல்லை. "யாரோ அண்டாவைத் தட்டுற மாதிரி இருக்குடா" என்றார். முதுகுத் துளையிலிருந்து வரும் பேஸ் சுவரில் பட்டு, ஏற்கனவே வீங்கியிருக்கும் அந்த 56 ஹெர்ட்ஸோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு தேங்காய்ப்பூத் துண்டைச் சுருட்டித் துளையில் அடைத்தேன். கும்மல் போனது, கூடவே உயிரும் போனது. அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மாவு காஞ்சு போச்சா? தொப்பி பேசவே இல்லையே" என்றார். தொப்பியின் நடுவில் வாசிப்பதற்கு முன் ரவை மாவைப் பிசைந்து ஒட்டுவார்கள். அது காய்ந்தால் அடித்தொனி வற்றிவிடும். அவர் சொன்ன பிறகு எனக்கும் அப்படியேதான் கேட்டது.

அதே சிடி, அதே டிவி ஸ்டாண்ட், எலாக். பெரிய வித்தியாசம். இடது கை மணிக்கட்டை அழுத்தித் தேய்க்கும்போது தொப்பியில் எழும் கும்கி என்ற நாதம் கீழிருந்து மேலே வழுக்கி ஏறுவது தெளிவாகக் கேட்டது. ஸ்பீக்கரின் வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்தால் ஒவ்வொரு கும்கிக்கும் ஒரு மூச்சுக் காற்று வந்து படுகிறது. காற்று முன்பக்கமாகப் போவதால் பின்சுவர் இதற்கு அவ்வளவு தொல்லை கொடுக்கவில்லை, பெரிய ஊஃபர் என்பதால் கூம்பும் அதிகம் துள்ளுவதில்லை. அன்று இரவு எலாக்கை எங்களிடமே விட்டுவிடச் சொல்லித் தம்பியிடம் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அடுத்த வாரம் தெருமுனை வெல்டிங் பட்டறையில் 24 அங்குல உயரத்தில் ஸ்டாண்ட் செய்து வாங்கினேன். இரும்புக் குழாய்க்குள் மணல், மேலே ஒரு துண்டு கடப்பா கல். புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்று பெயர்தானே தவிர, இதைப் புத்தக அலமாரிக்குள் வைத்தால் பாவம். சுவரிலிருந்து 18 அங்குலம் முன்னால் இழுத்து, துளையில் அடைத்த தேங்காய்ப்பூத் துண்டை எடுத்துவிட்டுக் கெஃப்பை ஏற்றினேன். இப்போது தொப்பியும் பேசியது. எலாக் அளவுக்கு இல்லை, அதன் அடிவயிற்றுக் கனம் இதற்கு வராது. ஆனால் அடியும் அடியும் தனித்தனியாக விழுந்தன. மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் எலாக்கைவிட இதுதான் நன்றாக இருந்தது. நடுவில் இருக்கும் கரணை என்ற கறுப்புப் பூச்சின் கனத்தால்தான் அந்தத் தோலின் மேல்தொனிகள் சுருதிக்குள் வந்து அமைகின்றன என்று சி.வி.ராமன் 1920லேயே எழுதியிருக்கிறார். அந்த மேல்தொனிகள் மீட்டு என்ற அடியில் ஒரு மணி மாதிரி நின்று அடங்குவதைக் கெஃப் கடைசிவரை காட்டுகிறது. தம்புராவிலும் நாலு தந்தியும் ஒவ்வொன்றாக வந்து போவது தெரிகிறது. எலாக்கில் அவை ஒரு போர்வை மாதிரி சேர்ந்து கேட்கும்.

நாகஸ்வரத்துக்கு மட்டும் எலாக் பரிவானது. வெறும் டைல்ஸ் தரையில் கெஃப்பின் மேல் ஸ்தாயி காதைக் குத்தியது. ஒரு பவானி ஜமக்காளத்தை முன்னால் விரித்த பிறகு பாதி சரியாயிற்று. சத்தமாகக் குத்துப்பாட்டு போடுகிறவர்களும் எலாக் பக்கமே போகலாம். கெஃப்பில் வால்யூம் ஏற ஏற அந்தச் சின்னக் கூம்பு படும் பாடு கண்ணுக்கே தெரியும்.

இதையெல்லாம் கடந்து என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது உட்கார்ந்து எழுந்ததுதான். பாடகர் குரலை ஓடவிட்டு, சோபாவில் உட்கார்ந்து கேளுங்கள், அப்படியே எழுந்து நில்லுங்கள். எலாக்கில் நின்றவுடன் குரலின் முகம் கொஞ்சம் மாறும், ஏதோ ஒன்று உள்ளே போன மாதிரி. ஊஃபரும் ட்வீட்டரும் வேலையை மாற்றிக்கொள்ளும் இடம் 2200 ஹெர்ட்ஸ், அங்கே அலைநீளம் 15, 16 சென்டிமீட்டர்தான். இரண்டு டிரைவருக்கும் நடுவே உள்ள தூரமும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கிறது. அதனால் காதின் உயரம் மாறினால் இரண்டிலிருந்தும் வரும் ஒலி முன்பின்னாக வந்து ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. கெஃப்பில் இரண்டுக்கும் மையம் ஒன்று, நின்றாலும் படுத்தாலும் குரல் அதே குரல்.

இது தனியாக, நடுவில், அசையாமல் உட்கார்ந்து கேட்பவருக்குப் பெரிய விஷயம் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அப்பா ஈசி சேரில் தாழ்வாகச் சாய்ந்திருப்பார், அதுவும் வலது ஓரத்தில். மனைவி சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே கேட்பாள். நான் தரையில் உட்காருவேன். கெஃப்பில் அப்பாவுக்கும் குரல் குரலாகவே கிடைக்கிறது. அவருடைய இடத்தில் நானே போய்ச் சாய்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். எலாக்கில் அங்கே வயலின் பின்னால் போய்விடுகிறது, வில் தந்தியில் உரசும் அந்தச் சன்னமான சத்தம் காணாமல் போகிறது. காலை முழுவதும் அந்த நாற்காலியில் இருந்து கேட்பவர் அவர்தான். அவருக்குச் சரியாகக் கேட்காத ஸ்பீக்கர் எனக்கு வேண்டாம்.

ஆக கெஃப் இங்கேயே இருக்கிறது. எலாக் போன ஞாயிறு திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஹால் பெரியது, ஸ்பீக்கர் டிவி யூனிட்டின் மேல் சுவரோடு ஒட்டித்தான் நிற்க வேண்டும், தம்பியும் எதிரே நடுவில் உட்கார்ந்து படம் பார்க்கிறவன். அவனுக்கு அதுதான் சரி. ட்வீட்டர் காது உயரத்துக்கு வருகிற மாதிரி அடியில் முன்பக்கம் ரப்பர் கொடுத்து லேசாகத் தூக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே வீடு பெருக்கித் துடைக்கும்போது ஸ்டாண்ட் நகர்ந்துவிடுகிறது. ஒரு கை அகலம் நகர்ந்தாலே தொப்பி மறுபடி அண்டாவாகிறது. அதனால் கால் இருக்க வேண்டிய இடத்தில் டைல்ஸ் மேல் பச்சை இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். துடைத்து முடித்ததும் யார் வேண்டுமானாலும் அந்தக் கோட்டுக்கு இழுத்து வைக்கலாம்.