அப்பத்தாவின் பங்கு

ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், அவரைப் பெற்ற தாய் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். மனைவி, பிள்ளைகள் என்று எண்ணிவிட்டுப் பெரும்பாலான வீடுகளில் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. அவருக்கும் மனைவி, மகன், மகளுக்கு இணையான ஒரு பங்கு உண்டு.

மதுரையில் எங்கள் வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம். அவர் போனபோது அம்மா, நான், தம்பி, அப்பத்தா என நான்கு பேர் இருந்தோம். ஆக, அப்பத்தாவுக்குக் கால் பங்கு. பத்திரம் எழுதுபவர் ஒருவர், "வயசானவங்க, அவங்க பேரை எதுக்கு இழுக்கறீங்க? விட்டுட்டே வாரிசுச் சான்றிதழ் வாங்கிடலாம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வி.ஏ.ஓ. விசாரணையில் பொய் சொல்லி வாங்கும் சான்றிதழ் பின்னால் ரத்தாகலாம். நாளைக்கு வீட்டை விற்கப்போனால், வாங்குபவரின் வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே இதுவாக இருக்கும். அதைவிட, பெற்ற மகனைப் பறிகொடுத்தவரின் பெயரை அந்தத் தாளிலிருந்தே எடுத்துவிடுவது எனக்கு அநியாயமாகப் பட்டது.

அப்படியே விட்டிருந்தாலும் அந்தப் பங்கு முழுதாக எங்களுக்கு வந்துவிடாது. அப்பத்தா உயில் இல்லாமல் காலமானால் அது இரண்டு அத்தைகளுக்கும் சித்தப்பாவுக்கும், அப்பாவின் கிளையாக எனக்கும் தம்பிக்கும் பிரியும். ஒரே வீட்டுக்கு எத்தனை கையெழுத்து தேவைப்படும் என்று பாருங்கள்!

வங்கி வைப்புத்தொகைக்கு அம்மா நாமினி. பணத்தை வாங்க அது போதும். ஆனால் நாமினி என்பதாலேயே பணம் அவருடையது ஆகிவிடாது, வாரிசுகளுக்கும் அதில் உரிமை உண்டு என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் அதையும் நாலாகப் பிரித்தோம்.

சரி, அப்பத்தாவிடம் எப்படிச் சொல்வது? கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சான்றிதழில் அவர் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். "எம்புள்ள கட்டுன வீட்டுல எனக்குப் பங்கா?" என்று கேட்டவர், கொஞ்ச நேரம் அந்தத் தாளையே தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், "பொண்ணுகளையும் சின்னவனையும் வரச் சொல்லு ஆத்தா. அவங்க முன்னாடி சொல்றேன்" என்றார். எல்லோரும் வந்ததும், தன் பங்கைப் பேத்தியான எனக்கும் பேரனான தம்பிக்கும் இப்போதே எழுதிக்கொடுப்பதாகவும், தானும் மருமகளும் கடைசி வரை அங்கேயே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். பெரிய அத்தை அழுதாரே தவிர மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்தில், அந்தக் குடியிருப்பு உரிமையைத் தனிப் பத்தியாகவே எழுதச் சொன்னேன். முதியவர்களிடம் வாயால் வாக்குக் கொடுத்தால் மட்டும் போதாது. 2023 ஜூலை முதல், குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. நடக்க முடியாதவர் என்றால், காரணத்தைச் சொல்லி மனு கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடமுண்டு. அப்பத்தாவுக்கு அப்படித்தான் செய்தோம்.

இப்போது அம்மா தன் பங்குக்கு உயில் எழுதப்போகிறார். புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்க வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம் நேரடியாக வழக்குகளை விசாரிக்கும் அசல் எல்லைக்குள், அதாவது சென்னை நகரப் பகுதியில், இருக்கும் சொத்துக்கு, இந்துக்கள் எழுதும் உயிலுக்கு அது கட்டாயமாக இருந்தது. மதுரையிலேயே எழுதி, மதுரைச் சொத்தை மட்டும் பற்றிய உயிலுக்கு முன்பும் தேவைப்படவில்லை. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் அதைக் கட்டாயமாக்கிய 213-ஆவது பிரிவையே 2025 டிசம்பரில் நீக்கிவிட்டார்கள். ஆனால் யாராவது வழக்குப் போட்டால், உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அம்மாவைவிட வயதில் நன்றாக இளையவர்களாகப் பார்த்து இரண்டு பேரைப் பேசிவைத்திருக்கிறேன். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், பதிவு செய்துவிடலாம் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.