ரேகை வைக்காத சின்ன அப்பத்தா

போன மாதம், பள்ளியிலிருந்து பிள்ளைகள் பாதியில் நிற்பது பற்றிய என் பிஎச்.டி. ஆய்வின் பைலட் ஸ்டடிக்காக உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்கே போனேன். தெரியாத ஊரில் போய்க் கேள்வி கேட்டுத் திணறுவதற்குச் சொந்த ஊரில் ஷெட்யூலை, அதாவது கேள்விப் பட்டியலை, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஒரு சோம்பேறிக் கணக்கு. முதல் வீடு சின்ன அப்பத்தா வீடு. என் அப்பத்தாவோடு கூடப் பிறந்தவர், வயது 83. பேத்தியும் அவள் வீட்டுக்காரரும் வடக்கே முறுக்குக் கம்பெனியில் இருக்க, அவர்களுடைய மூன்று பிள்ளைகளையும் இங்கே வைத்துச் சோறு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது இவர்தான். என் ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினேன், தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், கையெழுத்துப் போடத் தெரியாதே என்று மை டப்பாவைத் திறந்தேன், அவ்வளவுதான், கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ரேகையா? அதெல்லாம் எங்கய்யா வச்சு முடிச்சாச்சுத்தா. நீ என்ன வேணா கேளு, சொல்றேன். ரேகை மட்டும் கேக்காத."

மதுரைக்கு மேற்கே பிறந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எங்கள் பக்கம் அதற்கு ரேகைச் சட்டம் என்றுதான் பெயர். எங்களைப் போலப் பிரமலைக் கள்ளர் சாதியில் பிறந்தாலே திருடன் என்று முடிவு செய்து, ஆண்களின் விரல் ரேகையைப் பதிந்துகொண்டு, ராத்திரி வெளியூர் போவதென்றால் சீட்டு வாங்கிக்கொண்டு போ என்று சொன்ன சட்டம். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களைப் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. இங்கே அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல், சின்ன அப்பத்தா பிறந்து ஐந்து வருடம் கழித்து.

எனக்குச் சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. பட்டம் இருக்கிறது, பதினைந்து வருடமாகக் களப்பணி செய்கிறேன், பெருங்காமநல்லூர் நினைவுத் தூணைத் தாண்டித்தான் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். இருந்தும் கடையில் மை டப்பா வாங்கியபோது இது எதுவுமே ஞாபகத்துக்கு வரவில்லை. ஞாபகத்துக்கு வந்ததெல்லாம் படிவத்தில் "கையொப்பம் / இடது கைப் பெருவிரல் ரேகை" என்று இருந்த கட்டம்தான்.

திரும்பி வந்ததும் தல்லாகுளத்தில் டீ குடித்தபடி இதைத் தம்பியிடம் சொன்னேன். தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை, என்னோடு பிஎச்.டி. கோர்ஸ் ஒர்க் வகுப்பில் உட்கார்ந்தவன், மேலூர்ப் பக்கம். இப்போது இதை இங்கே விட்டுவிட்டு அமெரிக்காவில், வாஷிங்டனில் இருக்கிற ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி முனைவர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். அவன் அம்மா ஊரெல்லாம் ஹார்வர்டு என்று சொல்லி வைத்திருக்கிறார். இவனும் நாலு தடவை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். ஹோவர்டு 1867இல், அடிமை முறை ஒழிந்த கையோடு, கறுப்பின மக்களுக்காகத் தொடங்கியது. "சோசியல் ஒர்க் படிக்க எதுக்குடா அமெரிக்கா, இங்க இல்லாத ஏழையா அங்க இருக்கான்?" என்று அவன் மாமா கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் சிரித்தான். "அக்கா, இதுக்காகத்தான் அங்க தனியா பள்ளிக்கூடமே வச்சாங்க." அன்றிலிருந்து அவன் அனுப்பிய பிடிஎஃப்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன், என் தீசிஸை எழுதுவதற்குப் பதிலாக.

முதலில் கண்ணில் பட்டது வருடம். கறுப்பினப் பிள்ளைகளுக்கான அட்லாண்டா சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது 1920, பெருங்காமநல்லூர் நடந்த அதே வருடம். அவர்களைத் தெற்கு மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகளில் சேர்க்காத காலம் அது. ஆனால் இடம் கிடைக்கவில்லை என்பது மட்டும் அவர்கள் பிரச்சினை இல்லை. வெள்ளையர் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்த சமூகப்பணி, ஏழைக் குடும்பத்துக்குள் என்ன கோளாறு என்று தேடுகிற சமூகப்பணி. வேலை கொடுக்காதவன், வீடு வாடகைக்கு விடாதவன், மரத்தில் கட்டித் தூக்குகிறவன் எல்லாம் அந்தப் பாடத்துக்கு வெளியே நின்றார்கள். அட்லாண்டா பள்ளியின் இயக்குநராக இருந்த ஈ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் 1927இல் ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பர்களிடம் நோய் தேடுகிறீர்களே, நிறவெறி பிடித்தவனின் புத்தி வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள், பைத்தியத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிற கட்டுரை. மிரட்டல் வந்து அட்லாண்டாவை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. அவருக்குப் பின் வந்த ஃபாரெஸ்டர் வாஷிங்டன் 1954 வரை இருந்து பள்ளியை நிலைநிறுத்தினார், அடுத்து வந்த விட்னி யங் பெயரில்தான் இன்று அந்தப் பள்ளி, கிளார்க் அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்குள், இருக்கிறது. அங்கும் பிஎச்.டி. உண்டு. பால்டிமோரில் மார்கன் ஸ்டேட், மிசிசிப்பியில் ஜாக்சன் ஸ்டேட் என்று கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் வேறு சிலவற்றிலும் உண்டு.

ஃபிரேசியர் கதையில் ஒரு கசப்பான திருப்பம் இருக்கிறது. 1939இல் அவர் கறுப்பினக் குடும்பம் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். அடிமை முறையும் நகரத்துக்கு இடம்பெயர்ந்ததும் குடும்பங்களை எப்படிக் கலைத்துப் போட்டன என்பதைச் சொன்ன புத்தகம். 1965இல் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் இருந்த மொய்னிஹன் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதியபோது அதையே எடுத்துக்கொண்டார். அப்பன் இல்லாத வீடு, பெண் தலைமை தாங்குகிற வீடு, அதுதான் சிக்கலின் மையம் என்கிற மாதிரி அந்த அறிக்கை போனது. ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பே "நோய்க்கூறுகளின் சிடுக்கு". குடும்பத்தைக் கலைத்தவனைப் பற்றி எழுதிய புத்தகம், கலைந்தது உன் குற்றம் என்று சொல்லப் பயன்பட்டது.

இந்த இடத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். ஏனென்றால் என் தீசிஸ் தலைப்பு "சிதைந்த குடும்பச் சூழலும் பள்ளி இடைநிற்றலும்". சிதைந்த என்பது என் சொல். கைடு கூட மாற்றச் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

மொய்னிஹனுக்குப் பதில் சொன்னவர்களில் ராபர்ட் ஹில் என்பவர் 1972இல் எழுதியதைத் தம்பி தனியாக மஞ்சள் அடித்து அனுப்பியிருந்தான். கறுப்பினக் குடும்பத்தில் எது இல்லை என்று கேட்காமல், இத்தனைக்குப் பிறகும் எதனால் தாங்கி நிற்கிறது என்று கேட்கிறார். ஐந்து பலங்களைச் சொல்கிறார்: சொந்தபந்தக் கட்டு, வேலையில் பிடிப்பு, யார் பாத்திரத்தையும் யாரும் எடுத்துக்கொள்கிற நெகிழ்வு, முன்னேறும் வேட்கை, கடவுள் பக்தி. இதில் முதலாவதற்கு அவர் தருகிற உதாரணமே பாட்டிமார் வளர்க்கிற பிள்ளைகள், பெற்றவர் யாராயிருந்தாலும் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளப்படுகிற பிள்ளைகள். ஹோவர்டில் இதையெல்லாம் சேர்த்துக் "கறுப்பினப் பார்வை" என்றே ஆறு கொள்கைகள் வைத்திருக்கிறார்கள், பலங்களைப் பார்ப்பது அதில் ஒன்று. பலத்தை மட்டும் பாடிக்கொண்டிருந்தால் சம்பளமும் சத்துணவும் யார் கேட்பது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பாட்டியின் பலம் அரசாங்கத்துக்கு ரொம்ப வசதியான விஷயம்.

ஆனால் உசிலம்பட்டி என்ற பெயருக்கு என்ன நடந்தது என்று பார்த்தவள் நான். 1986இல் ஒரு பத்திரிகையில் பெண் சிசுக்கொலை பற்றி வந்த கட்டுரைக்குப் பிறகு இங்கே வராத ஆய்வாளர் இல்லை, வராத தொண்டு நிறுவனம் இல்லை. நடந்தது நடந்ததுதான், அதை மறைக்கச் சொல்லவில்லை. அதற்கு எதிராக வேலை செய்த பெண்களையும் எனக்குத் தெரியும். நான் சொல்வது, கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் பக்கத்தில் இருந்தவள் முகம் மாறியதே, அதைப் பற்றி. வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், ஒரே பதிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள், தீசிஸ் பைண்டிங் ஆனது. அதன் ஒரு பிரதியைக் கூட ஊரில் பார்த்தவர் கிடையாது.

அமெரிக்கப் படிப்பின் அமைப்பு என்று பார்த்தால், பெரும்பாலான இடங்களில் முதலில் இரண்டு வருடம் வகுப்பு, அதன் முடிவில் ஒரு பெரிய தேர்வு, அப்புறம்தான் ஆய்வு. நமக்குக் கோர்ஸ் ஒர்க் என்பது யுஜிசி சொன்ன கிரெடிட்டை எடுத்துவிட்டு எஸ்.பி.எஸ்.எஸ். என்கிற புள்ளிவிவர மென்பொருளைக் கற்றுக்கொள்ள ஓடுவது. இன்னொன்று, மனிதர்களிடம் ஆய்வு செய்வதற்கான அனுமதிக் குழு அங்கே வெறும் சடங்கு இல்லை, ரத்தம் சிந்தி வந்தது. அலபாமாவில் டஸ்கீகி பக்கம் 1932 முதல் 1972 வரை சுமார் 600 கறுப்பின ஆண்களை அரசாங்கமே ஆய்வு செய்தது, அவர்களில் 399 பேருக்கு மேகப்புண் நோய். பென்சிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல், என்ன நோய் என்றும் சொல்லாமல், எப்படிச் சாகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அந்த ஆண்களை வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்து, நம்பிக்கை சொல்லி, நாற்பது வருடம் பிடித்து வைத்திருந்தது யூனிஸ் ரிவர்ஸ் என்ற நர்ஸ். அவரும் கறுப்பினப் பெண். அவர்கள் நம்பியது டாக்டரை இல்லை, அவரைத்தான். இதைப் படித்தபோது, சொந்த ஊர் என்பதால் ஷெட்யூல் சுலபமாக ஓடும் என்று நான் போட்ட கணக்கு ஞாபகம் வந்தது.

இத்தனையும் நான் தம்பியிடம் கொட்டி, நம்ம கதையும் அவங்க கதையும் ஒன்றுதானே என்று உருகியபோது அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னான்: "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ரேகைச் சட்டத்துல உங்க தாத்தா அங்க கறுப்பர் மாதிரி. எங்க தெருவுக்கு வந்தா அதே தாத்தா வெள்ளைக்காரர்."

பதில் சொல்ல முடியவில்லை. 1997இல் தலித் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்ற மேலவளவு அவன் ஊருக்குப் பக்கம். எங்கள் மாவட்டத்திலேயே உத்தப்புரத்தில் தலித்துகளைத் தடுத்துத் தெருவுக்குக் குறுக்கே நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008இல்தான் இடித்தார்கள். எங்கள் சாதிக்காரர்கள் கட்டியதில்லை அது, ஆனாலும் அந்தச் சால்ஜாப்பை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியதை அவன் தன் விண்ணப்பக் கட்டுரையில் வைத்திருக்கிறான். கறுப்பர்களின் கருஞ்சிறுத்தைகள் (பிளாக் பேந்தர்ஸ்) இயக்கம் 1966இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில், அவர்கள் பெயரைப் பார்த்து 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ், பத்து வருடம் கழித்து இயக்கத் தலைவர் மலைச்சாமி காலத்தில் அந்தப் பெயர் மதுரைக்கு வந்து சேர்ந்தது, என் ஆய்வுக் கேள்வியும் அதே வழியில்தான் போகிறது என்று எழுதியிருக்கிறான். நன்றாக இருந்தது. ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தேன் என்று சொல்ல ஆசை, கட்டுரை ஆங்கிலத்தில் இருந்ததால் அந்த வேலையும் இல்லை.

சரி, என் பாட்டுக்கு வருகிறேன். தலைப்பிலிருந்து "சிதைந்த" போய்விட்டது. கைடு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சினாப்சிஸ் நேரத்துல ஏம்மா இப்படிப் பண்றீங்க" என்றார், ஆனாலும் கையெழுத்துப் போட்டார். ரேகைக்குப் பதில், சாட்சி ஒருவரை வைத்து வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று கமிட்டியில் கேட்டு வாங்கினேன்.

போன ஞாயிறு மறுபடியும் சின்ன அப்பத்தா வீடு. போனில் பதிவு செய்து, இதுதான் நீங்கள் சொன்னது என்று போட்டுக் காட்டினேன். தன் குரலைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வீட்டில் வளரும் பிள்ளைகள் மூன்று" என்று நான் வாசிக்கிற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"நாலுன்னு போடு. எதுத்த வீட்டுப் பயலும் இங்கதான திங்கிறான், இங்கதான படுக்கிறான்."

ஷெட்யூலில் ஆறாவது கேள்வி, உறவுமுறை. மகன் வழி, மகள் வழி, மற்றவை என்று மூன்று கட்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்தப் பயல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து போனை எட்டிப் பார்த்தான்.