வைஃபையில் ஒட்டிக்கொண்ட இரண்டு பேர்

போன வாரம் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால், எங்கள் வீட்டில் இல்லாத இரண்டு போன்கள் ஜாலியாக இணைந்திருந்தன. தப்பு என்னுடையதுதான், பாஸ்வேர்டாக வைத்திருந்தது என் போன் நம்பர். சரி என்று முதலில் அதை மாற்றினேன்; சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக வைத்தால் (63 எழுத்து வரை இடமுண்டு) ஊகிப்பது கஷ்டம், நமக்கும் மறக்காது. அப்புறம் டபிள்யூபிஎஸ்ஸை (வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமல், பட்டனை அழுத்தியோ பின் நம்பர் போட்டோ இணையும் வசதி) அணைத்தேன். அதன் 8 இலக்க பின் நம்பரை ரவுட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைத்துவிடலாம், இந்த ஓட்டை 2011லேயே வெளியே வந்துவிட்டது. வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு முறையாக, ரவுட்டரில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லையென்றால் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2. நெட்வொர்க் பெயரை மறைப்பதெல்லாம் சும்மா, சாதாரண ஸ்கேனரே காட்டிக்கொடுத்துவிடும். ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு தனி, அதையும் மாற்றியாயிற்று.