யன்னல் திறந்திருக்கா?

செப்டம்பர் 30

ஒயினுக்காக உலர்த்துவதற்கான திராட்சைக் குலைகளை இன்று வெட்டி முடித்தோம். இறுக்கமான குலை ஒன்றும் வேண்டாம் என்று தோட்டத்துக்காரப் பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்து நேற்றும் சொல்லியனுப்பியிருந்தார். மணிகள் நெருக்கியடித்த குலைக்குள் காற்றுப் போகாது, நடுவில் பூஞ்சணம் வைக்கும். ஐதான குலையாகப் பார்த்துப் பெட்டியில் ஒரே அடுக்காக வைத்தோம். ஒன்றின்மேல் ஒன்று படக்கூடாது.

மிச்சக் குலைகள் கொடியிலேயே நிற்கட்டும். நெப்பியோலோ பிந்திப் பழுக்கிற சாதி. இங்கே அதைக் கியாவென்னாஸ்கா என்கிறார்கள்.

அக்டோபர் 3

மழை.

அக்டோபர் 4

மழை விடவில்லை. மலைச்சரிவில் படிபடியாகக் கிடக்கும் தோட்டத்தில் மூன்றாம் படிச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறது.

போன கிழமை இப்படி இல்லை. காலையில் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். நடுவில் ஒரு பெரிய கல் உள்ளங்கை அகலத்துக்கு முன்னுக்கு வந்துவிட்டது. இந்தச் சுவர்களில் சாந்து கிடையாது. முன்னால் கல்லின்மேல் கல், பின்னால் சல்லி, அவ்வளவுதான். மழைத்தண்ணீர் சல்லிக்குள்ளால் இறங்கி இடுக்குகளால் வெளியேறவேணும். மண் புகுந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னால் நின்று தள்ளும். அதுதான் நடந்திருக்கிறது.

வட இத்தாலியின் இந்த வால்தெல்லினாப் பள்ளத்தாக்கில் இப்படியான சுவர்களைத் தொடராக வைத்தால் கிட்டத்தட்ட 2,500 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். சுவர்களுக்கு நடுவில் உள்ள மண்ணையும் சனம் கூடையில் போட்டு முதுகில் சுமந்து ஏற்றியிருக்கிறது. மூன்றாம் படி விழுந்தால் இரண்டாம் படியில் அறுபது வருசக் கொடிகள் நிற்கின்றன. அவற்றின்மேல்தான் விழும்.

இரவு இரண்டு தரம் டோர்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

அக்டோபர் 7

வெயில். மத்தியானத்துக்குப் பிறகு கோமோ ஏரிப் பக்கமிருந்து ப்ரேவாக் காற்று எழுந்தது. ஓடிப்போய்ப் பெட்டிகள் வைத்த மேல்மாடி யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். பெட்டி பெட்டியாகப் பார்த்தேன். ஒரு குலையில், காம்படியில், ஒரேயொரு மணியில் சாம்பல் பொட்டு. கத்தரிக்கோல் நுனியால் அதை எடுத்தேன், பக்கத்து மணிகளையும் எடுத்தேன். கத்தரிக்கோலைத் துடைத்துவிட்டு அடுத்த பெட்டி. முடிய இருட்டிவிட்டது.

அக்டோபர் 10

ஆஸ்பத்திரி. பெரியவர் கேட்ட முதல் கேள்வி, யன்னல் திறந்திருக்கா? அடுத்தது சுவர். நிற்கிறது என்றேன். நிற்கிறதுதானே.

பிறகு 1987 மழையைப் பற்றிக் கதைத்தார். அந்த ஜூலை 28ஆம் திகதி மேற்பள்ளத்தாக்கில் வால் போலா மலைச்சரிவே இறங்கி ஊர்களை மூடிய வருசம். இவருடைய படிகளும் அந்த மழையில் சரிந்து, தகப்பனும் இவருமாகக் குளிர்காலம் முழுக்கக் கல் அடுக்கினார்களாம். சொல்லும்போது படுக்கை விரிப்பின்மேல் கை கல் தேடுவதுபோல அசைந்துகொண்டே இருந்தது.

அக்டோபர் 17

மற்ற அறுவடை தொடங்கிவிட்டது. வடக்கே ரேத்திய ஆல்ப்ஸ் குளிர்காற்றை மறிக்கிறது. பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காகக் கிடப்பதால் நாங்கள் நிற்கும் சரிவு முழுக்கத் தெற்கைப் பார்த்தபடி. எதிரே ஒரோபியே மலையடி, நிழலும் காடும். நடுவில் அத்தா ஆறு. அந்தக் கரையில் இதே கொடியை வைத்தால் பழுக்காது.

சஸ்ஸெல்லாப் பாறை இடுக்கில் சப்பாத்திக்கள்ளி நிற்கிறது! ஆல்ப்ஸ் மலையில். எத்தனை தரம் பார்த்தாலும் ஒரு நிமிசம் நின்றுவிடுவேன். மத்தியானம் கல் கையைச் சுடும், பின்னேரம் ஜாக்கெட் இல்லாமல் நிற்கேலாது. இந்தப் பகல் சூடும் இரவுக் குளிரும் சேர்ந்துதான் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகின்றன. அதனால்தான் இங்குள்ள ஒயின், இதே சாதிப் பழத்தில் வரும் பரோலோ ஒயினைப்போல் பாரமாக இல்லாமல் மெலிந்து, நிறமும் வெளிறி வருகிறது. வெளிறியதைப் பார்த்து மட்டமாக நினைக்கிறவர்கள் ஒரு மிடறு குடித்துப் பார்க்கட்டும்.

இன்ஃபெர்னோப் பக்கம் செங்குத்தான இடங்களில் ஹெலிகாப்டரால் பெட்டி இறக்கியிருக்கிறார்கள். எங்களிடம் முழங்கால்தான்.

அக்டோபர் 18

முழங்கால் வீக்கம். ஐஸ் கட்டி.

அக்டோபர் 22

அக்கா சுவிஸில் கூர் நகரில் இருந்து எடுத்தாள். "தம்பி, சாப்பிட்டியோ?" என்று தொடங்கி, அங்கே ஒரு வேலை இருக்கிறது என்று முடித்தாள். அவள் போகும் கடையில் இந்த ஒயினை, வால்தெல்லினாவின் ஜெர்மன் பெயரை வைத்து, வெல்ட்லீனர் என்று அடுக்கி வைத்திருக்கிறார்களாம். வைக்கத்தானே செய்வார்கள். 1512 முதல் 1797 வரைக்கும் இந்தப் பள்ளத்தாக்கை ஆண்டது கூர் இருக்கிற பக்கத்துக் கிராபுண்டன்காரர். ஆட்சி போயும் வாங்குகிற பழக்கம் போகவில்லை.

திரானோவில் ரயில் ஏறினால் பெர்னினா மலைக்கணவாய் தாண்டி அவளிடம் போய்விடலாம். போகலாம்தான். டிசம்பர் கழியட்டும் என்றேன். "எந்த டிசம்பர்?" என்றாள்.

அக்டோபர் 27

பெரியவரின் மகள் மிலானில் இருந்து கதைத்தார். யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம், கேட்காவிட்டால் அப்படியே விடலாம் என்கிறார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. இந்தச் சரிவில் ஒரு ஹெக்டேருக்கு வருசத்துக்கு ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் கைவேலை. டிராக்டர் ஏறாது. அவருக்கு அங்கே வேலை, பிள்ளைகள்.

ஆனால் "அப்படியே விடலாம்" என்பதுதான் நெஞ்சில் நிற்கிறது. இந்த மலையில் அப்படியே விடுவது என்று ஒன்று இல்லை. விட்ட படியில் முதலில் முட்பற்றை வரும், பிறகு மரம், மரவேர் சுவருக்குள் இறங்கும், ஒரு பெருமழையில் சுவர் கீழ்வீட்டுக்காரனின் படியில் விழும். அவனும் விட்டால் அதற்குக் கீழே உள்ளவன். எங்களுக்கு மேலே ஒரு துண்டு அப்படித்தான் கிடக்கிறது. மூன்றாம் படிக்குப் பின்னால் மண்ணை அனுப்பியது அந்தத் துண்டு என்றுதான் நினைக்கிறேன். நினைப்பதென்ன, அதுதான்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்ல வரவில்லை. "யோசிப்போம் அம்மா" என்ற கருத்தில் என் இத்தாலியனில் ஏதோ சொன்னேன்.

நவம்பர் 5

மூடுபனி. யன்னல்கள் மூடியபடி.

நவம்பர் 6

மூடுபனி.

நவம்பர் 7

பூஞ்சணம், நான்கு பெட்டியில். முழுக்குலையாகவே எறிந்தேன்.

நவம்பர் 9

கீழ்த்தெருக்காரர் ஒருவர் வந்து ஹீட்டர் வைக்கச் சொல்கிறார். ஒரு கிழமையில் சுருங்கிவிடுமாம். கேட்டதும் உடம்பு பதறியது. காற்றில் ஆறுதலாகச் சுருங்குவதற்குத்தானே இத்தனை நாளும் காவல் இருக்கிறோம்! சூட்டில் வைத்தால் தண்ணீர் போகும், வாசமும் கூடப் போகும். நாங்கள் செய்கிற ஸ்ஃபோர்சாத்தோ ஒயினுக்கு டிசம்பர் 1க்கு முன்னர் பழத்தை நசுக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. உலர்த்திய பழத்தில் செய்து, இனிப்பில்லாமல் வரும் சிவப்பு ஒயின்களில் இத்தாலியில் முதலில் டிஓசிஜி என்ற அதியுயர் ஒயின் தரம் பெற்றது இதுதான், 2003இல். அது ஹீட்டரால் வந்த பெயரா?

இதை எழுதும்போது காற்று எழும்புகிறது. வடக்குக் காற்று, காய்ந்தது. போகிறேன்.

நவம்பர் 14

மூன்றாம் படிச் சுவரைப் பிரித்துக் கட்டத் தொடங்கினோம். அயல்தோட்டத்துக் கிழவர் கேட்காமலே வந்தார். மேலிருந்து கல்லைக் கழற்றி, பெரியது சிறியது என்று பிரித்து வைத்தோம். பின்னால் தோண்டினால் களி, நான் சொன்னதுபோலவே. அடியில் பெரிய கல். ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கல்லில் இருக்கவேணும், நேருக்கு நேர் இடுக்கு வரக்கூடாது, முகம் மலைப்பக்கம் கொஞ்சம் சாயவேணும். கிழவர் கல்லை ஒருதரம்தான் தூக்குவார். கையில் திருப்பிப் பார்த்து, வைத்தால் அது அங்கேதான்.

சாந்தில்லாத கற்சுவர் கட்டும் கலையை 2018இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததைச் சொன்னேன். "அப்படியென்றால் சல்லி எடு" என்றார்.

நவம்பர் 16

பாதி முடிந்தது. விரல் நகம் கறுத்துவிட்டது.

நவம்பர் 23

ஒரு குலையைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெரியவர் ஒரு மணியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தோல் சுருங்கி, அமத்தினால் மெதுவாகத் திரும்பி எழும்புகிறது. வாயில் போட்டுக் கனநேரம் மென்றார். கொட்டைகளைக் கைக்குள் துப்பி நிறம் பார்த்தார், கபிலம். எனக்கும் ஒன்று தந்தார். முதலில் இனிப்பு, பிறகு காய்ந்த ரோசாப்பூ மணம், பின்னால் பாக்குக் கடித்ததுபோல் துவர்ப்பு வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"இன்னும் பொறு" என்றார்.

வெளியே வந்து கணக்குப் பார்த்தேன். மரப்பீப்பா 12 மாதம், அதையும் சேர்த்து மொத்தம் 20 மாதம், அதற்குப் பிறகுதான் விற்கலாம். இருபது மாதம். பஸ்ஸில் அந்த எண்ணைத் தவிர வேறொன்றும் நினைக்க முடியவில்லை. டொக்டர் மாதக் கணக்கில் கதைப்பதே இல்லை, கிழமைக் கணக்குத்தான்.

நவம்பர் 26

மகள் வந்து போனார். சுவரைக் காட்டினேன். கையை வைத்துப் பார்த்தார். விற்பதைப் பற்றி இருவருமே கதைக்கவில்லை.

நவம்பர் 30

நாளை முதல் நசுக்கலாம். தெருவில் இரண்டு வீட்டில் ஆயத்தம் நடக்கிறது. எங்கள் குலைகள் மேல்தட்டில் இன்னும் கொழுப்பாகத்தான் இருக்கின்றன. பிழிகிற இடத்தில் நாளைக்கு எடுத்துவைத்த முறையை ஒத்திப் போடச் சொன்னேன். பத்து நாள் கழித்துத்தான் தருவேன் என்று அங்கிருந்தவன் முறைத்தான். பத்து நாள் சரி. பனி மட்டும் படுக்காமல் இருக்கவேணும். இன்றிரவு கீழ்த்தட்டுப் பெட்டிகளை மேலே மாற்றப்போகிறேன், அயல் கிழவர் ஒரு கை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.