டர்பன் புழுக்கத்துல கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம்

தென்னாப்பிரிக்கா டர்பன்ல, நம்ம சாட்ஸ்வொர்த் ஏரியால பிப்ரவரி புழுக்கம் எப்படினு இங்க இருக்கறவங்களுக்கு நல்லாவே தெரியும், ரூமே 30 டிகிரில கொதிக்கறப்போ கம்ப்யூட்டருக்குள்ள ஃபேன் வச்ச எந்த ஏர் கூலரும் ப்ராசசர் சூட்டை அதுக்குக் கீழ கொண்டு போகாது, அதனால ஃபேன் சத்தம் குறையணும்னா முதல்ல ஹீட்சிங்க் (ப்ராசசர் மேல சூட்டை இழுக்கற உலோகத் தகடுகள்) இடுக்குல அடைஞ்ச தூசியை ஊதி எடுங்க, ஊதும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கங்க, சுத்த விடாதீங்க.

அடுத்து பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகறப்போ உள்ள போற செட்டிங்ஸ்) ஃபேன் கர்வ், அதாவது எவ்வளவு சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகமா ஓடணும்னு சொல்ற கோடு. இதுதான் முக்கியம். பிரௌசர் திறந்தாலே ஃபேன் வூம்னு ஏறி உடனே இறங்குது பாருங்க, அந்த ஏத்த இறக்கம்தான் காதை அறுக்குது, ஒரே சீரா ஓடுற சத்தம் அவ்வளவு தொந்தரவு இல்ல. ப்ராசசர் சூடு 60 டிகிரி வரைக்கும் கர்வை ஏறாம சமமா வச்சுட்டு, வேகம் ஏறுறதை சில செகண்ட் தாமதப்படுத்துங்க.

கேஸ்ல இடம் இருந்தா 120 எம்எம் ஃபேனுக்கு பதிலா 140 எம்எம் போடுங்க, மெதுவா சுத்தியே அதே அளவு காத்தைத் தள்ளும். வாட்டர் கூலிங்லாம் சாதாரண வேலைக்குத் தேவையே இல்லங்க.